ஆசானின் ஊருக்கு வந்த சீனர்

காஞ்சிபுரத்துக்கு நாம் எதற்காகப் போகிறோம்? கல்யாணப் பட்டு எடுக்க. எடுத்த கையோடு காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று மூன்று தரிசனம். முடிந்தால் ஒரு துண்டு கோயில் இட்லி. சாயங்காலம் ஊர் திரும்பிவிடுவோம்.

கி.பி. 640 வாக்கில் ஒரு சீனர் இதே ஊருக்கு வந்தார். பட்டு வாங்க அல்ல, அது அவர் நாட்டிலேயே ஏராளம்! அவர் பெயர் யுவான் சுவாங். ஆமாம், பள்ளிக்கூடத்தில் 'ஹர்ஷர் காலத்தில் இந்தியா வந்த சீன யாத்ரீகர் யார்?' என்ற கேள்விக்கு நாம் மனப்பாடம் செய்து எழுதிய அதே யுவான் சுவாங்.

அவருக்கும் காஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

629 வாக்கில், நாட்டை விட்டு யாரும் போகக் கூடாது என்ற அரசாங்கத் தடையை மீறிக் கிளம்பியவர் அவர். வழியில் பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கை தவறிக் கொட்டிப்போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நாலைந்து நாள்! இத்தனையும் எதற்கு? பௌத்தத்தின் யோகாசார நூல்களைச் சரியான ஆசிரியரிடம் பாடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலந்தாவில் அந்த ஆசிரியர் கிடைத்தார். பெயர் சீலபத்ரர். வயது நூறைத் தாண்டியிருந்ததாம். சீனாவிலிருந்து படிக்க வந்திருப்பதாக யுவான் சுவாங் சொன்னதும், கிழவர் அழுதுவிட்டார். காரணம் உண்டு. பல வருடங்களாகத் தீராத வலி அவருக்கு. மூன்று வருடங்களுக்கு முன்பு, பட்டினி கிடந்து உயிரை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். 'சீனாவிலிருந்து ஒரு துறவி வருவார், அவருக்குச் சொல்லிக்கொடுக்க நீ இருக்க வேண்டும்' என்று கனவில் கட்டளை வந்ததாம். கனவை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால், ஒரு மாணவனுக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் காத்திருந்தார் என்பதை நம்பத்தான் தோன்றுகிறது.

சரி, அந்தச் சீலபத்ரருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இங்கேதான் நம்ம ஊர் வருகிறது!

காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய அதிகாரியின் மூத்த மகன். பெயர் தர்மபாலர். படு சூட்டிகையான பையன். ராஜாவே தன் மகளைக் கட்டிக்கொடுக்க முன்வந்தார். கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி, பையன் புத்தர் சிலை முன்னால் மனமுருக வேண்டிக்கொண்டானாம். ஒரு தெய்வம் அவனைத் தூக்கிக்கொண்டுபோய், தொலைதூர மலை மடம் ஒன்றில் விட்டதாகக் கதை. தெய்வம் தூக்கியதோ, இருட்டோடு இருட்டாக நடையைக் கட்டினானோ... விடிந்தபோது மாப்பிள்ளை ஊரில் இல்லை!

ஊர் ஊராகச் சுற்றிய அந்தப் பையன்தான் பிற்பாடு நாலந்தாவின் பேராசானாக உட்கார்ந்தார். அவரைத் தேடி, இன்றைய வங்காளதேசப் பக்கமிருந்து அலைந்து திரிந்து வந்து சேர்ந்தவர் சீலபத்ரர்.

ஒரு சமயம், தெற்கேயிருந்து வந்த பண்டிதர் ஒருவர் தர்மபாலரை வாதத்துக்கு அழைத்தார். ஆசான் கிளம்பிவிட்டார். 'நான் போகிறேன்' என்று குறுக்கே வந்து நின்றார் சீலபத்ரர். அப்போது அவருக்கு வயது 30. மற்றவர்கள் தயங்கினார்கள். தர்மபாலர் தயங்கவில்லை, வயதைப் பார்க்காதீர்கள் என்று சொல்லி மாணவனை அனுப்பிவைத்தார். சீலபத்ரர் ஜெயித்துத் திரும்பினார்.

தர்மபாலர் 32 வயதிலேயே இறந்துவிட்டதாகச் சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆனால், பாடம் நிற்கவில்லை. சீலபத்ரர் வழியாக அது யுவான் சுவாங்குக்கு வந்தது.

இப்போது புரிகிறதா? காஞ்சி என்பது யுவான் சுவாங்குக்கு ஆசானின் ஆசான் பிறந்த ஊர். நூற்றுச்சொச்சம் விஹாரங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது தேவாலயங்கள் என்று எழுதிவைத்தார். ஜனங்கள் தைரியசாலிகள், நேர்மையானவர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்றும் எழுதினார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறுவதாகத் திட்டம். அங்கே ராஜா இறந்து, பஞ்சமும் வந்து, துறவிகளே கூட்டமாகக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் சந்தேகங்களைக் கேட்டுப்பார்த்தார். சீலபத்ரர் சொன்னதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. பயணத்தையே ரத்து செய்துவிட்டார்!

645-ல் 657 நூல்களோடு சீனா திரும்பினார். சிந்து நதியைக் கடக்கும்போது சில சுவடிக் கட்டுகள் ஆற்றோடு போய்விட்டன. 654-ல் நாலந்தா நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். சீலபத்ரர் மறைந்த செய்தி கேட்ட துக்கம் ஒரு பக்கம். தொலைந்த நூல்களின் பட்டியல் இன்னொரு பக்கம், 'அனுப்பிவையுங்கள்' என்று. ஆசிரியருக்கு இதைவிட நல்ல அஞ்சலி வேறு என்ன இருக்க முடியும்?

659-ல், தர்மபாலரின் விளக்கத்தையே அடிப்படையாக வைத்து யுவான் சுவாங் ஒரு பெரிய நூலைச் சீன மொழியில் ஆக்கினார். அந்த விளக்கத்தின் சம்ஸ்கிருத மூலம் இன்று நம்மிடம் இல்லை. காஞ்சிப் பையனின் சிந்தனை சீன எழுத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அந்த வழி வந்த மடங்கள் ஜப்பானின் நாரா நகரத்தில் இன்றைக்கும் உண்டு.

காஞ்சியில்? அந்த விஹாரங்கள் இல்லை. காமாட்சியம்மன் கோயிலிலும் அக்கம்பக்கத்திலும் கிடைத்த புத்தர் சிலைகளைப் பற்றி 1915-ல் கோபிநாத ராவ் எழுதினார். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு புத்தர் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறார். தர்மபாலர் நம் ஊர்க்காரர் என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், மாணவரின் மாணவர் ஒருவர் இவ்வளவு தூரம் வந்து கேட்டு எழுதிவைத்ததுதான்.

உங்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர், கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார்... அவர்கள் பிறந்த ஊர் எது என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று?

இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.