செவிலியின் பதிவு எண்

மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி போடும் செவிலிக்கு ஒரு பதிவு எண் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்களா? அந்த எண்ணுக்காக இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு போராட்டம் நடந்தது. போராடியவரும் செவிலி, எதிர்த்தவரும் செவிலியே.

எதிர்த்தவர் வேறு யாருமல்லர், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்! 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, இத்தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்.

போராடியவர் எதெல் மேன்சன். 1881இல், 24ஆம் வயதிலேயே, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மேட்ரன் ஆனவர். 1887இல் ஃபென்விக் என்ற மருத்துவரை மணந்து பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தை நிறுவினார்.

அப்போது யார் வேண்டுமானாலும் தம்மைச் செவிலி என்று சொல்லிக்கொள்ளலாம். சில மாதம் வார்டில் எடுபிடி வேலை பார்த்தவரும், முறையாகப் பயின்றவரும் நோயாளியின் கண்ணுக்கு ஒன்றே. பயின்றவர் அதற்கேற்ற சம்பளம் கேட்கவும் ஆதாரம் இல்லை. ஆகவே மூன்றாண்டுப் பயிற்சி, பொதுத் தேர்வு, சட்டப்படியான பதிவேடு ஆகியவை வேண்டும் என்றார் ஃபென்விக்.

நல்ல செவிலிக்கு வேண்டியது குணம். அதைத் தேர்வு வைத்து அறிய முடியாது என்பது நைட்டிங்கேலின் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓமின் விதியை ஒரு பிழையின்றி எழுதிய மாணவன், ஆய்வுக்கூடத்தில் கால்வனோமீட்டரை எரித்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்! ஆனால், அதற்காக எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லையே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போர் மருத்துவமனைகளில் மாண்டவர்களைக் கணக்கிட்டு அரசாங்கத்தையே அசைத்தவர் நைட்டிங்கேல். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். செவிலியரை எண்ணிப் பட்டியலிடுவதை மட்டும் அவர் ஏற்கவில்லை.

இதற்கிடையே நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1901இல் சட்டம் இயற்றி, 1902இல் எலன் டோகர்ட்டி என்பவரை முதலாவதாகப் பதிவு செய்தது. இங்கிலாந்திலோ 1904 முதல் மசோதாக்கள் வருவதும் தோற்பதுமாக இருந்தன. 1910இல் நைட்டிங்கேல் மறைந்தார். பின்னர் முதல் உலகப் போர் வந்தது. குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்ற ஆயிரக்கணக்கான தன்னார்வப் பெண்கள் மருத்துவமனைகளில் பணியாற்றினர். பயின்றவர் யார், பயிலாதவர் யார் என்ற கேள்வி மேலும் கூர்மையாயிற்று. 1919 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது.

சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1926இல் வந்தது. இந்திய செவிலியர் மன்றத்திற்கான சட்டம் 1947இல்.

இங்கிலாந்துப் பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக் அம்மையாருக்கே கிடைத்தது. அவர் மேட்ரன் பதவியை விட்டு அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.