மூன்றாவது தட்டு

பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து, வார இறுதிகளில் அதன் பெட்டைச் சுரண்டிச் சமப்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரே கேள்விதான்: சமத்தைச் சோதிக்க இன்னொரு சமதளம் வேண்டுமே, முதல் சமதளம் எங்கிருந்து வந்தது?

கையிலிருந்துதான். 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் ஜோசப் விட்வொர்த் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தட்டுகளை எமரித் தூள் போட்டுத் தேய்ப்பதுதான் அப்போதைய வழக்கம். அவர் சுரண்டச் சொன்னார். ஒரு தட்டில் சாயம் பூசி இன்னொன்றின் மேல் வைத்தால் மேடுகளில் மட்டும் சாயம் ஒட்டும். அங்கே மட்டும் சுரண்டணும். ஆனால் இரண்டு தட்டு போதாது. ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லும்! மூன்றாவதைக் கொண்டுவந்து, மாற்றி மாற்றி, திருப்பித் திருப்பிப் பொருத்தினால்தான் குட்டு உடையும்.

பெயர் விட்வொர்த்துக்குப் போய்விட்டது. அவர் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் தொழிலாளிகளின் மேசையிலேயே சமதளத் தட்டுகள் இருந்தன. அவற்றைச் சமப்படுத்திய கைகளுக்குப் பெயரில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

இன்று வீட்டுப் பட்டறைக்காரர்கள் கிரானைட் தட்டு வாங்கி, நீலம் பூசிப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளோடு மல்லுக்கட்டும் பிடிவாதக்காரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.