கெரிஞ்சி: ஊருக்கொரு பேச்சு

இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் மேற்கு மலைத்தொடரில், 3,805 மீட்டர் உயர்ந்து நிற்கும் கெரிஞ்சி எரிமலைக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கு வழங்கும் கெரிஞ்சி மொழி மலாய்க்கு நெருங்கிய உறவு. ஆயினும், கடற்கரை மலாய் பேசும் ஒருவர் அங்குச் சென்றால் விழிக்கவே நேரும். அப்பள்ளத்தாக்கினுள்ளேயே ஊர்தோறும் பேச்சு வேறுபடுகிறது. சுங்காய் பெனூ நகரின் பேச்சு ஒன்று; அதனை ஒட்டிய போண்டோக் திங்கியின் பேச்சு மற்றொன்று.

வேறுபாடுகள் பெரிதும் சொல்லின் இறுதி அசையிலேயே குடிகொண்டுள்ளன. ‘பால்’ என்பதன் பகரமும் ‘தம்பி’ என்பதன் பகரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் இரண்டு என்பதை நாம் அறிவோம். பின்னதைப் போன்ற அதிர்வொலி ஒரு சொல்லில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, கெரிஞ்சியில் இறுதி உயிர் இருவழிப் பிரிந்தது.

இதனினும் சுவையானது சொற்களின் இருவடிவம். ‘மரம்’, ‘மரத்து’ என ஆகும் சாரியையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நமக்கு, இதைப் படித்தபோது பழைய நண்பரைக் கண்டதுபோல் இருந்தது. ஆனால் நெறி தலைகீழ். தமிழில் ‘வீட்டுக் கதவு’ என்னும்போது உடைய பொருளாகிய ‘வீடு’ திரிகிறது. கெரிஞ்சியில் உடைமைச் சொல்லே ஈறு திரிகிறது. உடையவர் பெயர் அதன் பின்னே வரும். அப்பெயரைச் சொல்லாமல் விட்டாலும், திரிந்த ஈறே ‘இன்னாருடையது’ என உணர்த்திவிடும்! ஓர் உயிரின் திரிபு ஒரு சொல்லின் வேலையைச் செய்கிறது.

இம்மக்களுக்கு இஞ்சுங் என்னும் சொந்த எழுத்தும் உண்டு. அதன் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், தென்னிந்தியப் பல்லவ எழுத்தில் வந்து நிற்போம். எருமைக்கொம்பில் குலவரலாறுகளையும் மூங்கிலில் காதற்புலம்பல்களையும் கீறி வைத்தனர். டச்சு அறிஞர் வோர்ஹுவே 1941இல் இவற்றைப் பட்டியலிட்டார். அவர் கண்ட மரப்பட்டைத்தாள் சுவடியொன்றைத் தஞ்சோங் தானா என்னும் ஊரில் 2002இல் ஊலி கோசோக் மீண்டும் கண்டார். கரிமக் காலக்கணிப்பையும் சுவடியின் அகச்சான்றையும் கொண்டு அது 14ஆம் நூற்றாண்டினது என நிறுவினார். கிடைத்துள்ள மலாய்ச் சுவடிகளுள் அதுவே மிகப் பழையது. தர்மாஸ்ரய அரசவை மலைமக்களுக்கு வழங்கிய சட்டநூல் அது. மலாய் உலகின் முதுசொம் மலாய்க்காரர்க்கு விளங்காத பேச்சுடையோர் வீட்டில் அறுநூறு ஆண்டுகள் காக்கப்பட்டிருக்கிறது.

காத்தவர்கள் அதனைப் படித்தவர்கள் அல்லர். படிக்கும் வழக்கம் நெடுநாள் முன்பே அற்றுவிட, சுவடி குலதனமாகப் பரணில் உறைந்தது. சடங்குநாளில் மட்டும் இறக்கப்பட்டது. மேலும், இஞ்சுங் ஏடுகளின் நடை பொதுமலாயை ஒட்டியது. ஊருக்கூர் மாறும் அந்த ஈறுகள் ஏட்டில் ஏறவில்லை, நாவிலேயே வாழ்கின்றன. பள்ளியிலோ பிள்ளைகள் கற்பது இந்தோனேசிய மொழி. அதில் ஒரு சொல்லுக்கு ஓர் ஈறுதான்.