வாசல் சேறு சொல்லும் வரலாறு

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் வாசல் என்று ஒன்று இருக்காது. சேறுதான் இருக்கும். கதவிலிருந்து தெரு வரைக்கும் செங்கல்லைப் போட்டு, ஒவ்வொன்றாக மிதித்துத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். பாட்டிகள் அடுப்புச் சாம்பலையும் உமியையும் வாரிக் கொட்டுவார்கள். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மழையில் அதுவும் சேறாகிவிடும். நாள் முழுக்க நடவு நட்டு வரும் அம்மாக்களுக்கு வீட்டிலும் கால் காய இடமில்லை. விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறவே ஆறாது.

பத்து வண்டி மண்ணடித்து வாசலை மேடாக்கியிருக்கலாமே என்று இன்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் முன்னோருக்கு மண்வேலை தெரியாதா? ஏரி தூர் வாரியதும், வாய்க்கால் வெட்டியதும், வரப்பு கட்டியதும், பண்ணையார் வீட்டுக் களத்தை மேடாக்கி மெழுகியதும் அவர்கள் கைதான். ஊரார் வீட்டு மேட்டையெல்லாம் கட்டியவர்களின் வாசல் ஏன் பள்ளமாகவே கிடந்தது?

விடை அந்த மண் யார் பெயரில் இருந்தது என்பதில் இருக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்றதும் நமக்கு விளைநிலம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த அறிக்கை குடியிருக்கும் மனையைப் பற்றியும் பேசியது. சேரியின் வீட்டுமனை மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், குடிசையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். கால் வைத்திருக்கும் மண்ணே நாளை நமதில்லை என்றால் யார் அங்கே கல் வைத்து அடித்தளம் போடுவார்? மண்ணடித்து மேடாக்குவது வெறும் வேலை அல்ல. இது என் இடம் என்று சொல்வது. அந்த உரிமைதான் மறுக்கப்பட்டது.

1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை நம் மக்களுக்கு வீட்டுமனை வாங்கித் தர முனைந்தது. மனைக்கான பணத்தை மக்களே தவணையில் கட்டினார்கள். அப்படியும் நிலவுடைமையாளர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு அந்த அரைக்கால் காணி பெரிதல்ல. சொந்த மனையில் நிற்பவன் நிமிர்ந்து கூலி கேட்பான் என்பதுதான் பயம்.

இந்த வரலாறு தெரியாதவர்கள் சேற்றை நம் குணமாக்கினார்கள். 1932-ல் அரிசன சேவா சங்கம் தொடங்கியபோது, சேரிக்குப் போய்ச் சுத்தத்தைப் போதிப்பதைச் சேவை என்று பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனிமனிதரைத் திருத்துவதில் பணத்தையும் ஆட்களையும் செலவிடாதீர்கள். அவர்களைச் சூழ்ந்திருக்கும் சமூக நிலையை மாற்றுங்கள். பொதுக் கிணறு, பள்ளி போன்ற குடியுரிமைகளுக்காக நில்லுங்கள் என்பதே அதன் சாரம். நம் வாசலுக்கும் இது பொருந்தும். சேறு துடைப்பத்தால் போகாது, உரிமையால்தான் போகும்.

1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு 1971-ல்தான், பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையையே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. பட்டா கைக்கு வந்த இடங்களில் முதலில் நடந்தது என்ன தெரியுமா? மண்ணடித்தார்கள். அடித்தளத்தை உயர்த்தினார்கள். திண்ணை கட்டினார்கள்.

ஆனாலும் பள்ளம் போகவில்லை. பல ஊர்களில் காலனிக்கென்று ஒதுக்கியதே ஏரிக்கு அடியிலோ வயலை ஒட்டியோ இருந்த தாழ்ந்த நிலம். ஊர்த்தெருவின் வடிகால் நம் தெரு முனையில் வந்து முடிந்துவிடும். போதாக்குறைக்கு, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்துகொண்டே போகிறது. வாசல் தாழ்ந்துகொண்டே போகிறது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அது நம் தெருவில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

தோழர்களே, அடுத்த மழையில் ஏதாவது ஒரு காலனிக்குப் போனால், சுத்தம் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மனைப்பட்டா யார் பெயரில் இருக்கிறது? சாலை வாசலைவிட எத்தனை அடி உயரம்? மேலத்தெருத் தண்ணீர் எங்கே வந்து விழுகிறது? அளந்து எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானம் கேளுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

வாசலில் சாம்பல் கொட்டிய பாட்டிகளுக்கு அந்த மண் சொந்தமில்லை. நம்மில் பலருக்கு இன்று பட்டா இருக்கிறது. அவர்களால் உயர்த்த முடியாத வாசலை நாம் உயர்த்த வேண்டும்.