காட் மீன் மறைந்த கடல்

இறைச்சியை விலக்கிய வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் ஐரோப்பியக் கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகளாக நாடியது, உப்பிட்டு உலர்த்திய காட் மீனை. அதன் ஈரல் எண்ணெயை நாமும் மருந்துக்கடை வழியே அறிவோம். கனடாவின் கிழக்கே, நியூபவுண்ட்லாந்துத் தீவையொட்டிய கடல் அம்மீனுக்குப் பேர்போனது. 1497-இல் ஜான் காபட் அங்குச் சென்று திரும்பியபோது, கல் கட்டிய கூடையை நீரில் இறக்கினாலே மீன் நிறையும் என்று அவருடன் சென்றோர் வியந்துரைத்தனர்.

தூண்டிலும் சிறு படகும் கொண்டு நடந்த தொழிலை அக்கடல் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிற்று. 1954-இல் 'ஃபேர்ட்ரை' என்னும் பிரித்தானியக் கப்பல் வந்தது. பெருவலையை இழுத்துப் பிடித்த மீனை அங்கேயே அறுத்து உறையவைக்கும் மிதக்கும் ஆலை அது. பல நாட்டுக் கப்பல்கள் அதனைப் பின்தொடர்ந்தன. 1968-இல் பிடிபட்ட காட் மீன் ஏறத்தாழ 8 லட்சம் டன்; பத்தே ஆண்டுகளில் அது 2 லட்சத்திற்கும் கீழே சரிந்தது.

1977-இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்து, அயல்நாட்டுக் கப்பல்களைப் பெருமளவு வெளியேற்றியது. பிழை அயலாருடையது மட்டும் என்றால் கடல் அன்றே தேறியிருக்க வேண்டும். ஆனால் அவ்விடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் நிரப்பின.

கப்பல்களுக்குக் கிட்டிய மீனை வைத்தே கடலின் இருப்பையும் பெரிதும் கணித்தனர். எஞ்சிய மீன்களோ ஓரிடத்தில் திரளாகக் கூடின. நவீனக் கருவிகள் அத்திரளைத் தேடிப் பிடித்தன. ஆகவே கடல் வற்றியபோதும் வலை நிறைந்தது! கரையோர மீனவர்க்கு இம்மயக்கம் இல்லை. மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதில்லை என்று 1980-களில் அவர்கள் முறையிட்டனர். கல்லாதவர் புலம்பலாகவே அது கருதப்பட்டது. 1989-இல் விஞ்ஞானிகள் தம் கணக்கைத் திருத்தி, 1,25,000 டன்னுக்குமேல் பிடிக்கலாகாது என்றனர். வேலையிழப்புக்கு அஞ்சிய அரசோ 2,35,000 டன்னுக்கு இசைவளித்தது.

அஞ்சியது பன்மடங்காக வந்தது. 1992 ஜூலை 2-ஆம் நாள் காட் மீன்பிடிப்பு முற்றிலும் நிறுத்தப்பட்டது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். கடல்நீர் அவ்வாண்டுகளில் மிகவும் குளிர்ந்ததும் ஒரு காரணம் என்பர். அதையும் தாங்கும் வலுவை அம்மீன்களிடம் நாம் விட்டுவைத்திருந்தோமா?

ஈராண்டுக்கென அறிவித்த தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் அதனை நீக்கியபோது கனடா அனுமதித்த அளவு 18,000 டன். கடலின் நிலையை முதலில் கண்டு சொன்னவர்கள் சிறு படகுக்காரர்கள். வேலையையும் ஊரையும் இழந்தவர்களிலும் அவர்கள் உண்டு. கடலைப் பற்றி முடிவெடுக்கும் அவைகளில் அவர்களுக்கு இருக்கை உண்டா என்று எந்த நாட்டிலும் நாம் கேட்டாக வேண்டும்.