மூன்று மணித்தியாலம் எங்கிருந்து வந்தது?



உம்றா காலம் தொடங்கினால் எங்கள் மஹல்லா வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரே கேள்விதான் சுற்றும். "பிளைட் ராவு 9.40க்கு. ஊட்டுலேந்து எத்தின மணிக்கு வெளியாகணும்?" அஸர் தொழுதுவிட்டுப் போகலாம் என்பார் ஒருவர். லுஹரோடு போய்விடுங்கள் என்பார் இன்னொருவர். போன கிழமை போனவர் பத்து நிமிடத்தில் உள்ளே போனதாகச் சொல்வார். அதற்கு அடுத்த நாள் போனவர் வாசல் ஸ்கேனரிலேயே ஒன்றரை மணித்தியாலம் நின்றதாகச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

கிருலப்பனையிலிருந்து கட்டுநாயக்க 40 கிலோமீட்டருக்குள். பேஸ்லைன் வீதியில் ஏறினால் பொரளை, தெமட்டகொடை, களனிப் பாலம், பேலியகொடை, அதிவேகப் பாதை. தூரம் இவ்வளவுதான். அப்படியிருக்க விமானம் பறப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்னால் போய் நிற்கச் சொல்கிறார்களே, அந்த மூன்று எங்கிருந்து வந்தது? எங்கள் வாப்பா, உம்மா காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அது கூடிவந்த கதையை எழுதி வைக்கலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் விமானம் எங்களுக்குப் பக்கத்தில்தான் வந்திறங்கியது. 1935இல் ரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் அங்கிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. டகோட்டா என்று சொல்லப்பட்ட சின்ன விமானம் அது. முப்பது பேருக்குள்தான் கொள்ளும். அந்த முப்பது பேருக்கு என்ன வரிசை, என்ன காத்திருப்பு? கடல் வழியாகப் போனவர்கள்தான் அந்தக் காலத்தில் உண்மையாகக் காத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள் கணக்கில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகுதான் கப்பலேற்றினார்கள். காத்திருப்பில் ஏழைக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு ஒரு கணக்கு என்பது அப்போதே இருந்தது.

ஜெட் விமானங்கள் வந்தபோது ரத்மலானை போதவில்லை. யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த கட்டுநாயக்க தளத்தில், கனடாவின் உதவியோடு சர்வதேச விமான நிலையம் எழுந்தது. 1970இல் பண்டாரநாயக்க பெயர் வைக்கப்பட்டது. உலகம் முழுக்க விமானக் கடத்தல்கள் நடந்துகொண்டிருந்த காலம். 1973 ஜனவரியில் அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பாதுகாப்புக்கென்றே தனி விதிகளை ஏற்றுக்கொண்டது. இங்கே அது தூரத்துச் செய்தியாகத்தான் இருந்தது.

1978 செப்டம்பர் 7ஆம் திகதி ரத்மலானையில் நின்ற எயார் சிலோன் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. 1982இல் இன்னொரு விசித்திரம். சேபால ஏக்கநாயக்க என்ற எங்கள் நாட்டுக்காரர், டில்லியிலிருந்து பாங்கொக் போன அல்இத்தாலியா ஜம்போ விமானத்தைக் கடத்தி, 3 இலட்சம் டொலரும் தன் மனைவி, பிள்ளையும் வேண்டும் என்று கேட்டார். கேட்டது கிடைத்தது. பணத்தோடு இலங்கைக்கே வந்து இறங்கினார். அவரைத் தண்டிக்க நாட்டில் சட்டமே இருக்கவில்லை! அந்த வருடமே அவசரமாகச் சட்டம் கொண்டுவந்துதான் வழக்கை நடத்தினார்கள். அது வரைக்கும் விமானத்தில் இப்படியும் நடக்கும் என்று எங்கள் சட்டப் புத்தகம் நினைத்துப் பார்க்கவில்லை.

நிலைமை உண்மையில் மாறியது 1984இலிருந்து 1986க்குள். இந்த மூன்று வருடத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இன்றைக்கு நாங்கள் வரிசையில் நிற்பதில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

1984 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு மதராஸ் மீனம்பாக்கம். கொழும்புக்குப் போகும் எயார் லங்கா விமானத்துக்கென்று பெட்டிகளைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்துக்குள்ளேயே வெடித்தன. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கையர். அடுத்த வருடம் ஜூன் 23ஆம் திகதி, கனடாவிலிருந்து புறப்பட்ட எயார் இந்தியா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அத்திலாந்திக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். அங்கேயும் அதே கதைதான். பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. இதற்குப் பிறகுதான் ஆள் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியும் போகக்கூடாது என்ற விதி உலகம் முழுக்க இறுகியது. விமானம் நிற்கிறது, எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, இன்னும் கிளம்பவில்லை என்று நாங்கள் முணுமுணுக்கிறோமே, பல வேளை வராத ஒருவரின் பெட்டியைக் கீழே தேடி இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவிலேயே நடந்தது. லண்டனிலிருந்து வந்து மாலைதீவுக்குப் போகவிருந்த எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானம், பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது வெடித்து இரண்டாக முறிந்தது. 21 பேர் இறந்தார்கள். அந்த விமானம் அன்று தாமதமாகியிருந்தது. நேரத்துக்குப் பறந்திருந்தால் குண்டு ஆகாயத்தில் வெடித்திருக்கும், ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். தாமதத்தைத் திட்டும்போது எங்களுக்கு இது ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு வந்த இருபது வருடத்தில் காத்திருப்பு விமான நிலையத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. வீதிக்கு வந்துவிட்டது. நீர்கொழும்பு வீதியில் சோதனைச் சாவடிகள். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏறவேண்டும். வழியனுப்ப வந்தவர்களின் வான் வெளியிலேயே நிறுத்தப்படும். ஆனால் அந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. அட்டையில் இருந்த பெயரும் பிறந்த ஊரும்தான் நேரத்தைத் தீர்மானித்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்ப முதல் நாளே புறப்பட்ட கதைகள் ஏராளம். ரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்கக்கூட பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது.

2001 ஜூலை 24ஆம் திகதி விடியற்புறம் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கினார்கள். விமானப்படையின் விமானங்களோடு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானங்களில் பாதியளவு அழிந்தோ சேதமடைந்தோ போயின. ஏழு கிழமைக்குள் நியூயோர்க்கில் செப்டம்பர் 11. அந்த வருடக் கடைசியில் ஒருவர் சப்பாத்துக்குள் வெடிமருந்தோடு விமானமேறினார். உலகம் சப்பாத்தைக் கழற்றியது. 2006இல் பானப் போத்தலில் வெடிமருந்து கொண்டுபோகும் சதி லண்டனில் பிடிபட்டது. 100 மில்லிலீற்றர் விதி வந்தது. எங்கள் மாமிமாரின் நல்லெண்ணெய்ப் போத்தலும் ஊறுகாயும் வாசலில் நிற்பதற்கு அதுதான் காரணம். 2007இல் புலிகளின் விமானம் கட்டுநாயக்க தளத்தில் குண்டு போட்ட பிறகு, சில காலம் விமான நிலையத்தை இரவில் மூடிவைத்தார்கள்.

யுத்தம் முடிந்தது. 2013 ஒக்டோபரில் அதிவேகப் பாதை திறந்தது. வீதிக் காத்திருப்பு குறைந்தது. அது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். 2017இல் ஓடுபாதையைப் புதுப்பிக்க, ஜனவரி தொடக்கம் மூன்று மாதம் தினமும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடினார்கள். எல்லா விமானமும் இரவுக்குள் நெருக்கப்பட்டன. கடவுச்சீட்டு வரிசையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

பிறகு 2019 ஏப்ரல் 21.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்காரரின் அன்றாட வழியில் இருப்பது. கட்டுவாப்பிட்டி தேவாலயம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் எங்கள் பெயர்களை வைத்திருந்தார்கள். அன்றிரவே விமான நிலையத்துக்குப் போகும் பாதையில் குழாய்க் குண்டொன்று கண்டெடுக்கப்பட்டது. பயணிகள் நான்கு மணித்தியாலம் முன்னால் வரவேண்டும் என்று அறிவித்தார்கள். ஊரடங்கில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் பாஸ். வழியனுப்ப யாரும் உள்ளே வரமுடியாது. ஏப்ரல் 29ஆம் திகதி முகம் மூடும் உடைக்கு அவசரகால விதியின் கீழ் தடை வந்தது. ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் முடியும்வரை அது இருந்தது.

முன்பு தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு நீண்ட வரிசை, இப்போது முஸ்லிம் பெயருக்கு நீண்டது. பெட்டியைத் திறந்து அரபு எழுத்துள்ள கிதாபை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. பிள்ளைக்கு முன்னால் உம்மாவைத் தனியாக அழைத்ததைச் சொன்னவர்களும் உண்டு. சோதிக்கவேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எங்களுக்கும் அயலவர்கள். ஆனால் பெட்டியைச் சோதிப்பதும் பெயரைச் சோதிப்பதும் இரண்டு வேலை. முதலாவதற்கு இயந்திரம் போதும். இரண்டாவதை இந்த நாட்டில் முப்பது வருடம் செய்துபார்த்தார்கள். அதில் என்ன கிடைத்தது என்று வெள்ளவத்தையில் யாரையும் கேட்கலாம்.

கொரோனா வந்தது, போனது; அதை எழுத மனமில்லை. இன்றைய நிலைக்கு வருவோம்.

கட்டுநாயக்க முனையம் வருடத்துக்கு 6 மில்லியன் பேருக்கு என்று கணக்கிடப்பட்டது. 2018இல் 10 மில்லியனுக்கும் மேல் வந்துபோனார்கள். இரண்டாவது முனையத்தின் வேலை யப்பான் கடனில் தொடங்கியது. 2022இல் நாடு கடன் கட்டமுடியாது என்று அறிவித்ததும் வேலை நின்றது. ஆகவே நெரிசல் பாதுகாப்பால் மட்டும் வருவதில்லை, எங்கள் நாட்டுக் கடனும் அந்த வரிசையில் நிற்கிறது.

நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு கணக்குப் போதும். ஸ்கேனரில் ஒரு ஆளுக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். 300 பேருள்ள ஒரு விமானத்துக்கு நான்கு ஸ்கேனர் இருந்தால் 40 நிமிடத்துக்குள் முடியும். ஒன்று பழுதானால் 50 நிமிடம். அதே நேரம் இரண்டாவது விமானமும் சேர்ந்தால் 100 நிமிடம். வளைகுடா விமானங்கள் பல மாலையிலும் விடியற்புறத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கௌண்டரையோ பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் முன்னால் மூடிவிடுவார்கள். மூன்று மணித்தியாலம் என்று சொல்வது அந்த மோசமான நாளை நினைத்துத்தான். நல்ல நாளில் இரண்டு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். உட்காருங்கள்.

இதில் அதிகம் காத்திருப்பவர்கள் உம்றாக்காரர்கள் அல்ல. புத்தளத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் றியாத், குவைத் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் காட்டவேண்டும், ஏஜென்ட் வந்து பேப்பரும் கொடுக்கவேண்டும். கடைசி பஸ்ஸை நம்பமுடியாமல் முதல் நாள் இரவே வந்து, பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு மூன்று மணித்தியாலம் என்ற அறிவிப்பால் ஒன்றும் ஆவதில்லை. உங்கள் சாப்பாட்டுப் பார்சலில் ஒன்றைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த கிழமை போகும் எங்கள் மஹல்லாக்காரருக்கு இரண்டு விசயம். இஹ்ராம் பெல்ட்டின் இரும்புக் கொக்கி இயந்திரத்தில் சத்தம் போடும். துணிப் பெல்ட் வாங்குங்கள், அல்லது கழற்றித் தட்டில் வையுங்கள். இரண்டாவது, டிக்கெட்டில் 27ஆம் திகதி 00.40 என்று இருந்தால் அது 26ஆம் திகதி இரவு. இஷாவை முடித்து எட்டரைக்கெல்லாம் வண்டியில் ஏறியிருக்கவேண்டும். 27ஆம் திகதி இரவு போனால் விமானம் ஜித்தாவில் இருக்கும்.