வாசல்காரனும் கணக்கப்பிள்ளையும்

ஜெயங்கொண்டத்தில் வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். 'சர்வர் டவுன் சார், மத்தியானம் வாங்க.' ஏதோ ஒரே ஒரு சர்வர் இருப்பது மாதிரிச் சொல்கிறார்கள். உலகம் பூராவும் இம்மாதிரித் தளங்கள் பலவற்றில் இரண்டு பேர் உண்டு. வருகிறவர்களை வரவேற்கும் வாசல்காரன் ஒருவன். உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் பதில் தயாரிக்கும் கணக்கப்பிள்ளை இன்னொருவன். இருவரும் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டுமே? அந்தப் பாஷையின் கதைதான் இந்த வாரம்.

முதலில் வந்தவன் வாசல்காரன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வர்தான் ஆரம்ப காலத்தில் பிரபலம். 1994-ல் அவர் அங்கிருந்து கிளம்பிவிட, சாஃப்ட்வேர் அநாதையாயிற்று. அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுக்கொண்டு, ஈமெயிலில் கூடிப் பேசி, 1995-ல் ஒரு குழுவானார்கள். பிறந்தது அப்பாச்சி. சம்பளமில்லாத வேலைதான். ஆனால் ஒரே வருஷத்தில் உலகத்திலேயே அதிகம் பயன்படும் வெப் சர்வர் அதுதான் என்றாகிவிட்டது.

அப்பாச்சிக்கு ஃபைலை எடுத்து நீட்டத் தெரியும். கணக்குப் போட? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புரோகிராமைப் புதிதாக எழுப்பி, பதில் வாங்கிக்கொண்டு அதை அனுப்பிவிட வேண்டும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு குமாஸ்தாவை வேலைக்கு வைத்து, அன்றே சீட்டைக் கிழிப்பது போல. சன் நிறுவனம் 1997-ல் இதற்கு மாற்றாக சர்வ்லெட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜாவாவில் எழுதப்பட்ட கணக்கப்பிள்ளை எப்போதும் விழித்தபடி சீட்டிலேயே இருப்பார். சன்னில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய அப்படியொரு சர்வர், 1999-ல் அப்பாச்சி அமைப்புக்கே தானமாக வந்தது. பெயர் டாம்கேட், அதாவது கடுவன் பூனை. ஓ'ரெய்லி புத்தக அட்டைகளில் மிருகப் படம் போடுவார்கள் அல்லவா? தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராணியாக இருக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தாராம். கடைசியில் அட்டையில் வந்தது பனிச்சிறுத்தை!

அவ்வளவு சமர்த்தான பூனையை நேரே வாசலிலேயே உட்கார வைக்கலாமே என்பீர்கள். லினக்ஸில் ஒரு வீட்டுச் சட்டம் உண்டு. 1024-க்குக் கீழே உள்ள கதவு எண்களைத் திறக்க ரூட் என்னும் எஜமானரின் அதிகாரம் வேண்டும். வெப் தளத்தின் கதவு எண்ணோ 80. அப்பாச்சி அந்த அதிகாரத்தோடு எழுந்து, கதவைத் திறந்துவிட்டு, சாதாரண வேலையாளாக இறங்கிக்கொள்ளும். ஜாவாவுக்கு அந்த வித்தை சுலபமில்லை. அதனால் டாம்கேட்டை 8080-ல் உட்கார வைத்துவிட்டு, வாசலை அப்பாச்சியிடம் ஒப்படைப்பது வழக்கமாயிற்று. படங்களைக் கொடுக்கிற சில்லறை வேலையையும் அதுவே கவனித்துக்கொள்ளும்.

இருவருக்கும் நடுவே ஓடும் பாஷைக்கு ஏ.ஜே.பி. என்று பெயர். 1997-ல் அலெக்ஸி கோசுட் தொடங்கிவைத்தது. டாம்கேட்டோடு ஊர் ஊராகப் பரவியது அதன் 1.3 பதிப்பு. நான் பி.காம். ஆசாமி. எனக்கு இதில் பிடித்தது அதன் சிக்கனம். அடிக்கடி வருகிற நீள நீளமான தலைப்புகளை முழுக்க எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டில் குறியெண் கொடுத்துவிட்டார்கள். பழைய பேரேட்டில் பக்க எண் மட்டும் குறித்து வைப்பார்களே, அந்த மாதிரி. ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் அடுத்தடுத்த கேள்விக்கும் அதையே பயன்படுத்துவார்கள். வேகம்தான் குறி.

ஆனால் இந்தப் பாஷைக்கு இலக்கணப் புத்தகம் கிடையாது! 2000 டிசம்பரில் டான் மில்ஸ்டீன் என்பவர் டாம்கேட்டின் புரோகிராமைப் படித்துப் படித்து, 'இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது' என்று விதிகளைத் தொகுத்து எழுதினார். வடிவமைத்தவர் கால் ஷக்கோராக இருக்கும் என்று அதிலேயே ஊகமாகத்தான் சொல்கிறார். ஏறக்குறைய கல்வெட்டுப் படிக்கிற உத்தியோகம்.

கல்வெட்டு என்றதும் ஜெயங்கொண்டத்துக்காரர்கள் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தை நினைப்பீர்கள். நினைக்கத்தான் வேண்டும். ராஜேந்திர சோழன் காலத்தில் அரசர் வாயால் சொன்ன உத்தரவு அப்படியே ஊருக்குப் போய்விடாது. திருவாய்க் கேள்வி அதிகாரி கேட்பார், திருமந்திர ஓலை எழுதுவார், ஓலைநாயகம் சரிபார்த்து ஒப்புவார், பிறகு வரிப்பொத்தகத்தில் ஏறும். எத்தனை கை, எத்தனை பெயர்! தாமதம்தான். ஆனால் நடுவில் ஒருவன் புகுந்து 'இது ராஜா சொன்னது' என்று ஓலை நீட்டுவது லேசில்லை.

ஏ.ஜே.பி.யில் அந்த ஓலைநாயகம் இல்லை. அப்பாச்சி என்ன சொன்னாலும் டாம்கேட் நம்பும். வந்தவர் யார், எந்த ஊர் முகவரி, என்ன வேண்டும், எல்லாமே அப்பாச்சி சொல்வதுதான். இந்தக் கதவில் அப்பாச்சி மட்டும்தான் தட்டும் என்ற நினைப்பு. கதவு எண் 8009. டாம்கேட்டை நிறுவிய மாத்திரத்தில் அதுவும் திறந்துகொள்ளும், அதுவும் எல்லாத் திசைக்கும். அப்பாச்சியே வைத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில்கூட அது திறந்தே கிடந்தது.

2020 பிப்ரவரியில் சீனாவின் சைட்டின் டெக் நிறுவனத்தினர் போட்டு உடைத்தார்கள். வெளியாள் எவனும் 8009-ஐத் தட்டி, நான்தான் வாசல்காரன் என்ற பாவனையில் சில விசேஷக் குறிப்புகளை அனுப்பினால், உள்ளே பூட்டி வைத்த ஃபைல்களையும் டாம்கேட் எடுத்துக் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதி வைத்த ஃபைல் உட்பட. ஃபைல் ஏற்றும் வசதியும் இருந்துவிட்டால், திருடன் தன் புரோகிராமையே அங்கே ஓடவிடலாம். கோஸ்ட்கேட், பேய்ப்பூனை என்று பெயர் வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை.

அதே மாதம் வந்த 9.0.31 பதிப்பிலும், பழைய வரிசைகளுக்கான 8.5.51, 7.0.100 பதிப்புகளிலும் கதவை அடைத்தார்கள். ஏ.ஜே.பி. இனி தானாகத் திறக்காது. திறந்தாலும் சொந்த மெஷினுக்குள் மட்டும்தான் கேட்கும். இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லும் கட்டாயம். அவசரமாகப் புதுப்பித்த சிலருக்குத் தளமே நின்றுபோய், 'சர்வர் டவுன்' என்று சொல்ல வேண்டி வந்தது. இப்போது பலர் ஏ.ஜே.பி.யையே விட்டுவிட்டு, வாசல்காரனும் கணக்கப்பிள்ளையும் ஊரறிந்த எச்.டி.டி.பி. பாஷையிலேயே பேசட்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆபீஸில் பழைய டாம்கேட் ஏதாவது மூலையில் ஓடிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பியைக் கூப்பிட்டு 8009 மூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.